கல்லீரல் நோயாளியின் சிறுநீரகத்தைக் கண்காணிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

சிரோசிஸ், அதாவது ஈரல் தழும்பேறிச் சுருங்கும் நோய், உள்ளவருக்கு ரத்தப் பரிசோதனை முடிவு வருகிறது. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் 1.0. பக்கத்தில் நட்சத்திரக் குறி கிடையாது, தடித்த எழுத்தும் கிடையாது. ‘கிட்னி நார்மல்’ என்று தாளை மடித்து வைத்துவிடுகிறார்கள். அதே ஆளுக்குப் போன வாரம் 0.6 இருந்திருந்தால் கதையே வேறு. ஒரு வாரத்துக்குள் 67 சதவீதம் ஏறியிருக்கிறது. மருத்துவ வரையறைப்படி இது திடீர் சிறுநீரகப் பாதிப்பின் முதல் நிலை. காரணத்தை அன்றே தேட வேண்டும். ஆய்வகம் அச்சடிக்கும் ‘இயல்பு அளவு’ நல்ல தசையும் நல்ல ஈரலும் உள்ளவர்களை வைத்துப் போடப்பட்டது. சிரோசிஸ் நோயாளியை அவருடைய பழைய எண்ணோடுதான் ஒப்பிட வேண்டும். கீழே வரும் படிகள் எல்லாம் இந்த ஒரு விதியைச் சுற்றித்தான் இருக்கின்றன.

நோயாளிகள், வீட்டில் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்கள், வார்டில் வேலை செய்யும் செவிலியர்கள் ஆகியோரை மனதில் வைத்து இது எழுதப்பட்டிருக்கிறது. மருந்தைத் தொடங்குவது, நிறுத்துவது, அளவை மாற்றுவது எல்லாம் சிகிச்சை தரும் மருத்துவரின் முடிவு. அவர் என்ன செய்கிறார், ஏன் செய்கிறார் என்பது புரிந்தால் சரியான நேரத்தில் சரியான தகவலை அவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்க முடியும்.

ஈரல் சுருங்கினால் சிறுநீரகத்துக்கு என்ன ஆகிறது

தழும்பேறிய ஈரலுக்குள் ரத்தம் எளிதாகப் புக முடியாது. குடலிலிருந்து ஈரலுக்கு ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரையில் அழுத்தம் ஏறுகிறது. அதன் விளைவாகக் குடலைச் சுற்றியுள்ள ரத்தக் குழாய்களில் நைட்ரிக் ஆக்சைடு போன்ற பொருட்கள் அதிகம் சுரந்து அவை விரிந்துகொள்கின்றன. சிறிய தொட்டியில் நிரம்பி நின்ற தண்ணீரைப் பெரிய தொட்டிக்கு மாற்றினால் மட்டம் இறங்குவதுபோல, உடலில் ரத்தம் குறையாமலேயே தமனிகளில் அழுத்தம் இறங்குகிறது. உடல் இதை ரத்த இழப்பு என்றே எடுத்துக்கொள்கிறது. ரெனின், ஆல்டோஸ்டிரோன், வாசோப்ரெசின் என்ற ஹார்மோன்கள், அட்ரினலின் சார்ந்த நரம்புத் தூண்டல் எல்லாம் ஒன்றாக முடுக்கிவிடப்படுகின்றன. சிறுநீரகம் உப்பையும் நீரையும் இறுகப் பிடித்துக்கொள்கிறது. வயிற்றில் நீர் சேர்வதும் ரத்தத்தில் சோடியம் இறங்குவதும் இதனால்தான். இழுபறி முற்றும்போது சிறுநீரகத்தின் சொந்த ரத்தக் குழாய்களே சுருங்கிவிடுகின்றன. வடிகட்டும் வேலை நின்றுபோகிறது. இந்தக் கட்டத்துக்குப் பெயர் ஹெப்பட்டோரீனல் சிண்ட்ரோம், சுருக்கமாக எச்ஆர்எஸ்.

இதில் சிறுநீரகத் திசு பெரும்பாலும் கெடுவதில்லை. எச்ஆர்எஸ் வந்து இறந்தவர்களின் சிறுநீரகங்களை வேறு நோயாளிகளுக்குப் பொருத்தியபோது அவை நன்றாக வேலை செய்தன என்பது 1969-லேயே பதிவாகிவிட்டது. நம்பிக்கைக்கும் அவசரத்துக்கும் அதுதான் காரணம். ரத்த ஓட்டத்தைச் சீக்கிரம் சரிசெய்தால் சிறுநீரகம் மீளும். நாட்கணக்கில் விட்டுவிட்டால் சிறுநீரகத்துக்குள் சிறுநீர் உருவாகும் நுண்குழாய்களின் செல்கள் உண்மையிலேயே செத்துப்போகும். அப்புறம் எச்ஆர்எஸ் மருந்து பலிக்காது.

படி 1: அடிப்படை எண்ணைக் குறித்து வையுங்கள்

நோயாளி நிலையாக இருக்கும்போது, அதாவது காய்ச்சல், ரத்தக் கசிவு, வயிற்றுப்போக்கு எதுவும் இல்லாத நாளில், எடுத்த கிரியேட்டினின்தான் அவருடைய அடிப்படை எண். கடந்த 3 மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். பல இருந்தால் இப்போதைய நாளுக்கு மிக அருகில் உள்ளதை எடுத்துக்கொள்ளுங்கள். கூடவே சோடியம், பொட்டாசியம், பிலிருபின் (மஞ்சள் காமாலை அளவு), ஐஎன்ஆர் (ரத்தம் உறையும் நேரத்தின் அளவு), அல்புமின் (ரத்தத்தில் உள்ள புரதம்), சிறுநீரில் புரதம், எடை, ரத்த அழுத்தம் ஆகியவற்றையும் தேதியோடு ஒரே தாளில் எழுதி, மருத்துவமனைக்குப் போகும்போதெல்லாம் கொண்டுபோங்கள். அவசரப் பிரிவில் புதிதாகப் பார்க்கும் மருத்துவருக்கு இந்தத் தாள் பல மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

கிரியேட்டினின் ஏன் ஏமாற்றுகிறது? அது தசையிலுள்ள கிரியேட்டினிலிருந்து உருவாகிறது. கிரியேட்டினைத் தயாரித்து முடிக்கும் இடம் ஈரல். சிரோசிஸில் தசையும் கரைகிறது, ஈரலின் தயாரிப்பும் குறைகிறது. ஆக, சிறுநீரகம் பாதி வேலை செய்தாலும் வெளியேற்ற வேண்டிய சரக்கே குறைவு என்பதால் எண் ஏறுவதில்லை. உடம்பில் தேங்கிய நீர் அதை இன்னும் நீர்க்கச் செய்கிறது. பிலிருபின் மிக அதிகமாக இருந்தால், யாஃபே முறையில் சோதிக்கும் கருவிகள் கிரியேட்டினினை உண்மையைவிடக் குறைத்தே காட்டும். மெலிந்தவர்களிடமும் பெண்களிடமும் இந்த ஏமாற்று இன்னும் அதிகம். ஈரல் நோய் எவ்வளவு முற்றியிருக்கிறது, மாற்று ஈரல் யாருக்கு முதலில் என்பதைக் கணிக்க உதவும் மெல்ட் மதிப்பெண்ணின் புதிய வடிவமான மெல்ட் 3.0-இல் பெண்களுக்குக் கூடுதல் புள்ளி சேர்க்கப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

சிறுநீரகம் வடிகட்டும் வேகத்தைக் காட்ட, கிரியேட்டினினை வைத்துக் கணக்கிடும் இஜிஎஃப்ஆர் எண்ணுக்கும் இதே கோளாறு உண்டு. தாளில் 80 என்று இருந்தாலும் உண்மையில் அது கணிசமாகக் குறைவாக இருக்கலாம். வசதி இருந்தால் சிஸ்டாட்டின் சி என்ற பரிசோதனையையும் சேர்த்துக் கேளுங்கள். அது தசையை அதிகம் சார்ந்ததல்ல. தொற்று, அழற்சி, ஸ்டீராய்டு, தைராய்டு கோளாறு இருந்தால் அதுவும் மாறும் என்பதால், நிலையான நாளில் எடுப்பதே நல்லது.

படி 2: வீட்டில் தினமும் பார்க்க வேண்டியவை

எடைதான் முதல் கருவி. காலையில் எழுந்து, சிறுநீர் கழித்து, எதுவும் சாப்பிடுவதற்கு முன், ஒரே மாதிரி உடையில், ஒரே தராசில் பார்க்க வேண்டும். நீர் மாத்திரை சாப்பிடுபவருக்குக் கால் வீக்கம் இல்லையென்றால் ஒரு நாளைக்கு அரைக் கிலோவுக்கு மேல் எடை இறங்கக் கூடாது. கால் வீக்கம் இருந்தால் ஒரு கிலோ வரை போகலாம். வயிற்றில் தேங்கிய நீர் ரத்தத்துக்குத் திரும்பி வரும் வேகத்துக்கு ஓர் உச்சவரம்பு உண்டு, நாளுக்கு ஏறக்குறைய அரை லிட்டர். அதைவிட வேகமாக நீரை வெளியேற்றினால், மிச்சம் ரத்தத்திலிருந்துதான் போகும். வயிறு வற்றுகிறது என்று வீட்டில் எல்லோரும் மகிழும் அந்த வாரத்தில்தான் கிரியேட்டினின் ஏறத் தொடங்கும்.

சிறுநீரை அளவுக் குடுவையில் அளந்து, 24 மணி நேரக் கணக்காக எழுதுங்கள். 60 கிலோ எடையுள்ளவருக்கு 6 மணி நேரத்தில் 180 மில்லிக்குக் குறைவாக வந்தால் அது சிறுநீரகப் பாதிப்பின் அடையாளம் என்பது இப்போதைய வரையறை. எடை கிலோ ஒன்றுக்கு மணிக்கு அரை மில்லி என்ற கணக்கு. வீட்டில் இவ்வளவு நுணுக்கமாகப் பார்ப்பது கடினம். நாள் முழுவதும் சேர்த்து அரை லிட்டருக்குக் கீழே போனாலோ, முந்தைய வாரத்தின் வழக்கத்தில் பாதியாகக் குறைந்தாலோ அன்றே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

மலம் எத்தனை முறை போகிறது என்பதை எழுதுவது பலருக்குத் தேவையற்றதாகத் தோன்றும். ஈரல் நோயால் வரும் குழப்பத்தைத் தடுக்கும் மலமிளக்கி சிரப்பான லாக்டுலோஸ் சாப்பிடுபவருக்கு இது மிக முக்கியம். நாளைக்கு 2 அல்லது 3 முறை இளகிய மலம் என்பதே இலக்கு. குழப்பமும் தூக்கமும் வந்துவிடுமோ என்ற பயத்தில் சிரப்பைக் கூட்டிக் கூட்டிக் கொடுத்து, 7, 8 முறை தண்ணீராகப் போய், உடல் வற்றி, சிறுநீரகம் படுத்துவிடுவது அடிக்கடி நடக்கும் விபத்து. அந்த வறட்சியே குழப்பத்தை இன்னும் கூட்டும். அதைப் பார்த்து மறுபடி சிரப்பைக் கூட்டுவார்கள். 4 முறையைத் தாண்டினால் அளவைக் குறைப்பது பற்றி மருத்துவரிடம் உடனே கேளுங்கள்.

ரத்த அழுத்தத்தில் மேல் எண் 90-க்குக் கீழே இறங்கினால் அதுவும் அழைக்க வேண்டிய செய்தி. புரோப்ரனலால், கார்வெடிலால் போன்ற மாத்திரைகள் உணவுக் குழாய்ச் சிரைகள் வெடிக்காமல் காப்பவை. ஆனால் அழுத்தம் இவ்வளவு இறங்கிய நிலையில் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தை இன்னும் குறைக்கும். அளவைக் குறைப்பதா, தற்காலிகமாக நிறுத்துவதா என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.

காய்ச்சல், வயிற்று வலி, கருப்பு மலம், ரத்த வாந்தி, புதிதாக வரும் குழப்பம், சாப்பாடு இறங்காத அளவு வாந்தி: இவற்றில் ஒன்று வந்தாலும் நேரே மருத்துவமனை. நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளுவதற்கு இதில் இடமே இல்லை.

படி 3: எதை விலக்க வேண்டும்

முதல் இடம் வலி மாத்திரைகளுக்கு. ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், நாப்ராக்சன், மெஃபெனாமிக் ஆசிட், இவற்றின் ஊசிகள், பல மருந்துகளைச் சேர்த்து ஒரே மாத்திரையாக்கியவை, எல்லாமே இதில் அடங்கும். சிரோசிஸில் சிறுநீரகத்தின் உள்வரும் குழாய் திறந்திருப்பதே புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளின் தயவால்தான். வலி மாத்திரை அதன் உற்பத்தியை அடைத்துவிடுகிறது. வயிற்றில் நீர் உள்ளவருக்குச் சில மாத்திரைகளே போதும், சிறுநீர் நின்றுவிடலாம். பல் வலி, மூட்டு வலி, தலைவலிக்கு என்று யார் எதைக் கொடுத்தாலும் உறையில் உள்ள மருந்துப் பெயரைப் படிக்காமல் விழுங்க வேண்டாம். வலிக்கும் காய்ச்சலுக்கும் பாராசிட்டமால் ஒரு நாளைக்கு மொத்தம் 2 கிராம் வரை, அதாவது 500 மி.கி. மாத்திரை 4, பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவு. ஈரல் நோய்க்கு பாராசிட்டமால் விஷம் என்று பயந்து ஐபுபுரூஃபனுக்கு மாறுவது எண்ணெய்க்குத் தப்பி நெருப்பில் விழுவதுதான்.

வயிற்றில் நீர் சேர்ந்தவர்கள் ராமிப்ரில், எனலாப்ரில், லோசார்டன், டெல்மிசார்டன் வகை மாத்திரைகளைத் தொடர்வது ஆபத்து. பல வருடங்களாக ரத்த அழுத்தத்துக்கு இவற்றைச் சாப்பிட்டு வந்தவருக்கு, ஈரல் நோய் முற்றிய பிறகும் பழைய மருந்துச் சீட்டு அப்படியே ஓடிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். சீட்டு முழுவதையும் மருத்துவரிடம் காட்டி மறுபரிசீலனை செய்யச் சொல்லுங்கள். ஜென்டாமைசின், அமிக்காசின் போன்ற கிருமிக்கொல்லி ஊசிகளையும் முடிந்தவரை தவிர்ப்பார்கள். ஹெபடைட்டிஸ் பி-க்கு டெனோஃபோவிர் டைசோப்ராக்சில் சாப்பிடுபவருக்குச் சிறுநீரகம் தளர்ந்தால், அதன் அலஃபெனமைடு வடிவத்துக்கோ, அளவு திருத்திய என்டெகாவிருக்கோ மாற்றுவது வழக்கம். இந்த மாத்திரையை மட்டும் தானாக நிறுத்தவே கூடாது. வைரஸ் பொங்கி எழுந்து ஈரலே செயலிழந்துவிடலாம். உள்ளடக்கம் தெரியாத பொடிகள், லேகியங்கள், உடல் தேற்றும் துணை மருந்துகள் எல்லாவற்றையும் ஒதுக்குங்கள்.

சிடி ஸ்கேனுக்கான சாய ஊசியைப் பற்றிய பயம் சற்று அதிகமாகவே பரவியிருக்கிறது. ரத்தக் கசிவையோ கட்டியையோ கண்டுபிடிக்க அது தேவையென்றால் எடுக்கத்தான் வேண்டும். முன்பே கிரியேட்டினின் பார்த்து, உடல் வறண்டிருந்தால் சரிசெய்து, 48 மணி நேரம் கழித்து மறுபடி பார்த்தால் போதும்.

படி 4: உப்பு, நீர், புரதம்

சமையல் உப்பு நாளைக்கு மொத்தம் சுமார் 5 கிராம், ஒரு சிறு தேக்கரண்டி. பாக்கெட் உணவில் மறைந்திருக்கும் உப்பும் இந்தக் கணக்கில்தான் சேரும். சோடியம் குறைவானது என்று விற்கும் மாற்று உப்புகளில் பொட்டாசியம் குளோரைடு இருக்கும். ஸ்பைரோனோலாக்டோன் என்ற நீர் மாத்திரை சாப்பிடுபவருக்கு அது பொட்டாசியத்தை ஏற்றி இதயத்தை நிறுத்தும் அளவுக்கு ஆபத்தாகலாம்.

குடிநீரை எல்லோருக்கும் கட்டுப்படுத்தத் தேவையில்லை. ரத்த சோடியம் 125-க்குக் கீழே போனால்தான் அந்தப் பேச்சு எழுகிறது. புரதத்தைக் குறைப்பது பழைய தவறு. எடை கிலோ ஒன்றுக்கு நாளைக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதமும் சுமார் 35 கலோரியும் தேவை. இரவு படுக்கும் முன் ஒரு சிறு உணவு அவசியம், ஏனென்றால் சிரோசிஸில் இரவுப் பட்டினியிலேயே தசை கரையத் தொடங்கிவிடும்.

படி 5: நீர் மாத்திரையும் வயிற்று நீர் எடுத்தலும்

வழக்கமான தொடக்கம் ஸ்பைரோனோலாக்டோன் 100 மி.கி., ஃபுரோசமைடு 40 மி.கி. இதே விகிதத்தில் படிப்படியாக 400-க்கு 160 வரை ஏற்றலாம். கிரியேட்டினின் ஏறுதல், சோடியம் 125-க்குக் கீழே இறங்குதல், குழப்பம் அதிகமாதல், தாங்க முடியாத தசைப்பிடிப்பு ஆகியவை நிறுத்தச் சொல்லும் அடையாளங்கள். பொட்டாசியம் 3-க்குக் கீழே போனால் ஃபுரோசமைடையும், 6-ஐத் தாண்டினால் ஸ்பைரோனோலாக்டோனையும் நிறுத்துவார்கள். மாத்திரை தொடங்கியதும், அளவு மாற்றியதும், ஒரு வாரத்துக்குள் கிரியேட்டினின், சோடியம், பொட்டாசியம் மூன்றையும் பார்க்க வேண்டும். நிலையான பிறகு இடைவெளியைக் கூட்டலாம்.

ஊசி வழியாக 5 லிட்டருக்கு மேல் வயிற்று நீர் எடுத்தால், எடுத்த ஒவ்வொரு லிட்டருக்கும் 6 முதல் 8 கிராம் அல்புமின் ஏற்ற வேண்டும். 8 லிட்டர் எடுத்தால் 48 முதல் 64 கிராம். 20 சதவீத அல்புமின் 100 மில்லி பாட்டிலில் 20 கிராம் இருக்கும், ஆக 3 பாட்டில். இதை விட்டுவிட்டால் வயிற்று அழுத்தம் சட்டென்று இறங்கி ரத்தக் குழாய்கள் மேலும் விரியும். சில நாட்களில் சிறுநீரகம் சோர்ந்துபோகும், எடுத்த நீரும் வேகமாகத் திரும்பி வரும்.

படி 6: எண் ஏறிவிட்டது, இனி என்ன

48 மணி நேரத்துக்குள் கிரியேட்டினின் 0.3 மி.கி. அல்லது அதற்கு மேல் கூடினால், அல்லது 7 நாட்களுக்குள் அடிப்படை எண்ணைவிட ஒன்றரை மடங்கானால், அது திடீர் சிறுநீரகப் பாதிப்பு. இரண்டு மடங்குக்குள் முதல் நிலை, மூன்று மடங்குக்குள் இரண்டாம் நிலை, அதற்கு மேல் மூன்றாம் நிலை. 2.5 தாண்டினால்தான் எச்ஆர்எஸ் என்று காத்திருந்த பழைய விதி 2015-ல் கைவிடப்பட்டது, ஏனென்றால் அவ்வளவு தூரம் ஏறும்வரை காத்திருந்தால் மருந்து பலிக்கும் காலம் கடந்துவிடும்.

முதல் நாளில் மருத்துவமனையில் நடக்க வேண்டியவை நிறைய, அவற்றில் எதுவும் மற்றொன்றுக்காகக் காத்திருக்கக் கூடாது. நீர் மாத்திரையும் சிறுநீரகத்தைக் கெடுக்கும் மற்ற மருந்துகளும் நிறுத்தப்படும். வயிற்று நீரிலிருந்து சிறிதளவு எடுத்துச் சோதிப்பது கட்டாயம். காய்ச்சலோ வலியோ இல்லாமலேயே அதில் தொற்று இருக்கலாம். கன மில்லிமீட்டருக்கு 250-க்கு மேல் நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்கள் இருந்தால் தொற்று உறுதி, வளர்ப்புச் சோதனை முடிவு வரும்வரை காத்திராமல் கிருமிக்கொல்லி தொடங்க வேண்டும். கூடவே முதல் நாள் எடை கிலோ ஒன்றுக்கு 1.5 கிராம், மூன்றாம் நாள் 1 கிராம் அல்புமின். 1999-ல் வெளியான ஆய்வில் கிருமிக்கொல்லி மட்டும் பெற்றவர்களில் 33 சதவீதம் பேருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது, அல்புமினும் சேர்த்துப் பெற்றவர்களில் 10 சதவீதம்தான்.

ரத்தம், சிறுநீர் வளர்ப்புச் சோதனைகள், மார்பு எக்ஸ்ரே, மலக்குடல் பரிசோதனை, சிறுநீரக ஸ்கேன் எல்லாம் அன்றே. சிறுநீர்ப் பையில் அடைப்பு இருப்பதை யாரும் பார்க்காமல் விட்டு, எச்ஆர்எஸ் என்று நினைத்து சிகிச்சை செய்துகொண்டிருப்பதும் நடக்கக்கூடியதே.

உடல் வறண்டிருந்தால், எடை கிலோ ஒன்றுக்கு 1 கிராம் அல்புமின், நாளொன்றுக்கு அதிகபட்சம் 100 கிராம். இரண்டு நாள் கட்டாயமாகக் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்பது முந்தைய விதி. 2024-ல் வந்த திருத்தம் நோயாளியைப் பார்த்து முடிவெடுக்கவும், 24 மணி நேரத்திலேயே மதிப்பிடவும் சொல்கிறது. அளவுக்கு மீறினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் என்பதால் மூச்சு வேகம், ஆக்சிஜன் அளவு, நுரையீரல் சத்தம் மூன்றையும் ஒவ்வொரு பாட்டிலுக்குப் பிறகும் பார்க்க வேண்டும்.

படி 7: எந்த வகைப் பாதிப்பு என்று பிரித்தறிவது

அல்புமினுக்கே கிரியேட்டினின் இறங்கினால் வறட்சிதான் காரணம். இறங்கவில்லை என்றால் பெரும்பாலும் இரண்டு சந்தேகங்கள்: எச்ஆர்எஸ், அல்லது சிறுநீரகக் குழாய்ச் செல்கள் செத்திருப்பது. சிறுநீரில் சோடியம் வெளியேறும் விகிதம் 1 சதவீதத்துக்குக் கீழே என்பது சிரோசிஸ் இல்லாதவர்களில் செல்கள் சாகவில்லை என்பதற்குத் துப்பு தரும். சிரோசிஸில் எல்லோருக்குமே குறைவாக இருப்பதால் பயன் குறைவு. 0.2 சதவீதத்துக்கும் கீழே இருந்தால் எச்ஆர்எஸ் பக்கம் சாய்கிறது. என்கேல் என்ற சிறுநீர்ப் பரிசோதனை மிக உயர்ந்திருந்தால் செல் சேதம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

சிறுநீரில் நாளைக்கு 500 மி.கி.க்கு மேல் புரதம், நுண்ணோக்கிப் பார்வையில் 50-க்கு மேல் சிவப்பணுக்கள், ஸ்கேனில் சுருங்கிய சிறுநீரகம்: இவை எச்ஆர்எஸ்ஸுக்கு எதிரான சாட்சிகள். ஹெபடைட்டிஸ் சி, பி, மதுவால் வந்த ஈரல் நோய், நீரிழிவு ஆகியவை ஒவ்வொன்றும் சிறுநீரக வடிகட்டிகளைத் தனியாகவே தாக்கக்கூடியவை. கொழுப்பு ஈரலோடு நீரிழிவும் ரத்த அழுத்தமும் சேர்ந்தவர்களில் பழைய சிறுநீரக நோயின் மேல் எச்ஆர்எஸ் ஏறி உட்காருவது இப்போது அதிகம் பார்க்கப்படுகிறது.

படி 8: எச்ஆர்எஸ் சிகிச்சை

குடல் பக்கம் விரிந்த குழாய்களைச் சுருக்கி, ரத்தத்தைச் சிறுநீரகம் பக்கம் திருப்புவதே நோக்கம். முதல் தேர்வு டெர்லிப்ரெசின், கூடவே தேவைக்கேற்ப அல்புமின். பல நாடுகளில் நெடுங்காலமாகப் புழக்கத்தில் இருந்த இந்த மருந்துக்கு அமெரிக்காவில் 2022 செப்டம்பரில்தான் அனுமதி கிடைத்தது. அதற்கு அடிப்படையான ஆய்வில் எச்ஆர்எஸ் மீண்டவர்கள் 32 சதவீதம், மருந்தில்லாத பிரிவில் 17. ஆனால் மூச்சுக் கோளாறால் இறந்தவர்கள் 11 சதவீதம், மறுபக்கம் 2. இந்த எண்களைச் சேர்த்தே படிக்க வேண்டும். ஆக்சிஜன் அளவு 90-க்குக் கீழே உள்ளவருக்கும், நெஞ்சில் நீர் நிறைந்தவருக்கும், இதயத் தமனி நோய் உள்ளவருக்கும் இதைத் தொடங்கக் கூடாது. விரல் நுனிகள் நீலமாதல், நெஞ்சு வலி, கடும் வயிற்று வலி வந்தால் உடனே நிறுத்த வேண்டும். தொடர் சொட்டாக நாளைக்கு 2 மி.கி.யில் தொடங்கினால் குறைந்த அளவே போதுமானதாக இருக்கிறது, பக்க விளைவும் குறைவு.

கிரியேட்டினின் 5-ஐத் தாண்டிய பிறகு தொடங்கினால் பலன் அரிதாகவே கிடைக்கிறது. டெர்லிப்ரெசின் முடியாதவருக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவில் நார்அட்ரினலின். இரண்டுமே வழியில்லாத இடத்தில் மிடோட்ரின், ஆக்ட்ரியோடைடு. இது பலவீனமான மாற்று.

டயாலிசிஸ் ஈரலைச் சரிசெய்யாது. மாற்று ஈரலுக்காகக் காத்திருப்பவருக்கோ, திரும்பக்கூடிய காரணம் உள்ளவருக்கோ அது பாலமாக அமையும். மாற்று ஈரல் வாய்ப்பே இல்லாதவருக்குத் தொடங்குவதற்கு முன், எவ்வளவு நாள், எதற்காக என்பதைக் குடும்பத்தோடு வெளிப்படையாகப் பேசிவிட வேண்டும். வலி, மூச்சுத்திணறல், பதற்றம் ஆகியவற்றுக்கான ஆதரவுச் சிகிச்சையை முதல் நாளிலிருந்தே சேர்த்துக் கொடுக்கலாம்.

எச்ஆர்எஸ்ஸை வேரோடு தீர்ப்பது ஈரல் மாற்று அறுவை சிகிச்சைதான். மருந்துக்குக் கிரியேட்டினின் இறங்கினால் மெல்ட் மதிப்பெண்ணும் இறங்கும். ‘தேறிவிட்டார்’ என்று காத்திருப்புப் பட்டியலில் பின்னுக்குப் போகும் அபாயம் இதில் உண்டு. சிகிச்சைக்கு முந்தைய எண்ணைக் கணக்கில் எடுப்பது பற்றி மாற்று மையத்திடம் கேட்க வேண்டும். நீண்ட நாள் டயாலிசிஸில் இருந்தவருக்கு ஈரலோடு சிறுநீரகத்தையும் சேர்த்துப் பொருத்தலாமா என்று பார்ப்பார்கள். அமெரிக்க விதியில் தொடர்ந்து 6 வாரம் டயாலிசிஸ், அல்லது அதே காலத்துக்கு இஜிஎஃப்ஆர் 25-க்குள் இருப்பது ஒரு தகுதி.

படி 9: வீட்டுக்கு வந்த பிறகு

மருந்து நிறுத்திய முதல் வாரங்களில் எச்ஆர்எஸ் திரும்ப வரலாம். வந்தால் அதே மருந்துக்கு மறுபடி கட்டுப்படுவதும் உண்டு. முதல் ஒரு மாதம் வாரம் ஒரு முறையாவது கிரியேட்டினின், சோடியம், பொட்டாசியம் பாருங்கள். நீர் மாத்திரையை எப்போது, எந்த அளவில் மறுபடி தொடங்குவது என்பதை வீட்டுக்கு அனுப்பும்போதே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், ஏனென்றால் பழைய சீட்டில் உள்ள முழு அளவை மறுநாளே சாப்பிட்டுவிடுவதுதான் இங்கே நடக்கும் பிழை. வயிற்று நீர்த் தொற்று ஒரு முறை வந்தவருக்கு அது திரும்பாமல் தடுக்கக் கிருமிக்கொல்லி தொடர்ந்து தேவைப்படும். 3 மாதம் கழிந்தும் இஜிஎஃப்ஆர் 60-க்குக் கீழேயே நின்றால் அது நாட்பட்ட சிறுநீரக நோயாகிவிட்டது. அங்கிருந்து சிறுநீரக மருத்துவரும் சிகிச்சைக் குழுவில் இருக்க வேண்டும். மாற்று ஈரல் பொருத்தியவர்களும் இதிலிருந்து விடுபடுவதில்லை, புதிய ஈரலை உடல் நிராகரிக்காமல் காக்கும் டாக்ரோலிமஸ் போன்ற எதிர்ப்புத்தடை மருந்துகள் சிறுநீரகத்தின் ரத்தக் குழாய்களைச் சுருக்குபவை என்பதால், அந்த மருந்தின் ரத்த அளவோடு சேர்த்துக் கிரியேட்டினினையும் வாழ்நாள் முழுவதும் பார்த்துவர வேண்டும்.